காதர் மாமாவின் ஜீப்பில் ஐந்து பெயர்கள்

திங்கட்கிழமை காலை தலைச்சோலையில் நாங்கள் ஆறு பேர் பள்ளி ஜீப்புக்காகக் காத்திருந்தோம். காதர் மாமா ஒருநாளும் தாமதித்தவர் இல்லை. அம்மா போனைக் காதில் வைத்தபடியே ஓடி வந்தார். "நெஞ்சு வலின்னு சேலத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்களாம். பாதி மலை எறங்கறதுக்குள்ள போயிட்டாருங்களாம்." அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் அவரை ஏற்றிக்கொண்டு வேறு யாரோ வண்டி ஓட்டினார்கள் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

அவர் ஜீப்பில் ஏறியவர்கள் எல்லோருக்கும் அந்த ஸ்டீரியோவைத் தெரியும். சேலத்தில் இருக்கும் மகன் ரஃபீக், பழைய பாட்டுகளை ஏற்றி, தீப்பெட்டி அளவில் ஒரு பாட்டுப் பெட்டியை மாமாவுக்கு வாங்கிக் கொடுத்திருந்தார். ஸ்டீரியோவின் ப்ளூடூத்தில் அது சேரவே இல்லை. "டவர் இல்ல அம்மணி, அதான்" என்றார் மாமா. எங்கள் மலையில் எது வேலை செய்யாவிட்டாலும் பழி டவர்மேல்தான். ஒரு சனிக்கிழமை அரைநாள் பள்ளி முடிந்ததும், எங்களையெல்லாம் மலை உச்சியிலிருக்கும் சேர்வராயன் கோயில் வரை ஏற்றிக்கொண்டு போனார். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பெட்டியை உயர்த்திப் பிடித்தார்.

"சேர்வராயன் ஊட்டு வாசல்லயே கெடைக்கலீனா வேற எங்க கெடைக்கும்?"

டேஷ்போர்டில் கிடந்த கையேட்டை வழியெல்லாம் படித்துக்கொண்டு வந்த நான் அப்போதுதான் நிமிர்ந்தேன். "மாமா, ப்ளூடூத்துக்கு டவரே வேண்டாமுங்க."

"இத கீழயே சொல்றதுக்கென்ன? புக்கு படிக்கிற புள்ளைன்னு பேரு!" பின்சீட்டில் ஒரே சிரிப்பு.

முன்பு சேர்த்த போன்களின் பெயர்களில் ஐந்துக்கு மேல் அந்த ஸ்டீரியோவில் இடமில்லை என்று கையேட்டில் இருந்தது. பொத்தானை அழுத்தி வாசித்தேன். மாமாவின் போன், எஸ்டேட் ரைட்டர், டீக்கடைக்காரர், எங்கள் அம்மா சாந்தி, பிறகு ஜெரினா. "ஒண்ண அழிச்சாப் போதுங்க. ஜெரினாவ எடுத்தரட்டுங்களா?"

மாமா என் விரலைப் பொத்தானிலிருந்து மெதுவாக நகர்த்தினார்.

"அது உங்க அத்தை, கண்ணு. போயி ரெண்டு வருசமாச்சு. வண்டியக் கெளப்புனா ஒவ்வொரு பேராத் தேடும். அவ பேரு வந்ததும்தான் கியர் போடுவேன்."

"அப்ப எங்கம்மா பேர அழிச்சர்றனுங்க."

"ஏறுனவங்கள எறக்கி உட முடியுமா, சாமி?"

கடைசியில் ஸ்டீரியோவின் ஓரத்திலிருந்த துளையில் பாட்டுப் பெட்டியின் ஒயரைச் செருகினோம். பாட்டு வந்தது. ஆனால் துளை தளர்ந்திருந்ததால் முன்சீட்டில் இருப்பவர் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வருடம் நான்தான் அழுத்தினேன். வளைவில் கை நழுவினால், "பாட்டு கீழ உழுந்துருச்சு அம்மணி, எடு" என்பார்.

இப்போது ஜீப்பை ரஃபீக் அண்ணன் ஓட்டுகிறார். முதல் நாளே தன் போனைச் சேர்க்கப் பார்த்தார். "எடமில்லைன்னு வருது கண்ணு. எதாச்சும் பழச எடுத்துரு" என்று சொல்லிவிட்டு டயரைப் பார்க்க இறங்கினார். அவர் திரும்பி வருவதற்குள் நான் சாந்தி என்ற பெயரை அழித்தேன்.

மறுநாள் காலை அண்ணன் வண்டியைக் கிளப்பினார். ஸ்டீரியோ தேடத் தொடங்கியது. காதர். ரைட்டர். டீக்கடைக்காரர். பிறகு ஜெரினா. கியரில் வைத்த கை அப்படியே நின்றது. அந்தப் பெயரும் மறைந்த பிறகுதான் ஜீப் நகர்ந்தது.

அந்த ஒயரை அண்ணனிடம் கேட்டு வாங்கி என் பேனாப் பெட்டியில் வைத்திருக்கிறேன். இப்போது ஜீப்பில் பாட்டு போனிலிருந்தே வருகிறது. யாரும் எதையும் பிடிக்க வேண்டியதில்லை. ஆனாலும் வளைவு வந்தால் என் கட்டைவிரல் தானாக அழுந்துகிறது.