தனபாக்கியம் வீட்டு ஐஸ் சக்கரம்

ஈப்போவின் புந்தோங்கில் அந்த வரிசையில் உள்ள எல்லா வீட்டு முகப்பிலும் ஒரு காடி, அதாவது கார், நிற்கும். தனபாக்கியம் வீட்டில் மட்டும் நின்றதில்லை. அங்கே இருப்பது தடித்த பலகை மேசை, அதன் ஓரத்தில் முடுக்கிய, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ், இரண்டு கேஸ் சிலிண்டர், டீசல் ஊற்றிய வாளிகள், மூடிப்போன ஏதோ காப்பிக்கடையிலிருந்து வந்த பளிங்குக்கல் மேசை. அந்தக் கல்லில் யாரும் காப்பி குடிப்பதில்லை. வளைந்த இரும்பு நேரானதா என்று வைத்துப் பார்க்க அதைவிடச் சமமான தளம் ஈப்போவில் கிடையாது என்பது அவள் கட்சி.

ஏர்கோன் தொழிற்சாலையில் செம்புக் குழாய்களைப் பற்றவைத்தே இளமையைக் கழித்தவள். ஓய்வுபெற்ற அன்று கொடுத்த சுவர்க் கடிகாரத்தை அப்படியே பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, மறுநாளே போய்த் தனக்கென்று ஒரு பற்றவைக்கும் டார்ச் வாங்கினாள். "பொம்பள எதுக்குடி இத வாங்குற, கொள்ளி வைக்கவா?" என்று கேட்ட நாத்தனாரிடம், "ஆமா, மொதல்ல ஒங்க வாய்க்குத்தான்" என்றாள். அப்படிப்பட்ட வாய்.

முதலில் அக்கம்பக்கத்து முறுக்குக் குழல்களும் ஓட்டை விழுந்த அண்டாக்களும்தான் வந்தன. பிறகு எப்படியோ பேச்சுப் பரவி, பழஞ்சாமான் சேர்க்கிறவர்கள் பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் தேடி வர ஆரம்பித்தார்கள். கரி போட்டுச் சூடேற்றும் இஸ்திரிப்பெட்டி, எஸ்டேட்டு கேஸ் விளக்கு, துருவேறிய சைக்கிள் மணி. வருகிறவர்களிடம் அவள் கேட்பது ஒன்றுதான்: "பாக்கவா, பொழங்கவா?" அலமாரியில் வைத்துப் பார்க்க என்றால் வேலை ஆமை வேகத்தில் நடக்கும். புழங்க என்றால் அதைத்தான் முதலில் கையில் எடுப்பாள்.

கமாரியா கொண்டுவந்தது புழங்குவதற்கு. தொழிற்சாலையில் இவளுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பற்றவைத்தவள், இப்போது ஐஸ் சீவிப் போட்டுத் தரும் செண்டோல் கடை போட்டிருக்கிறாள். யாரோ கோழிக்கூண்டுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்த கையால் சுற்றும் ஐஸ் இயந்திரம் ஒன்றை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினாள். முழுக்க வார்ப்பிரும்பு. பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம். அதைச் சுற்றினால் மேலே செருகிய ஐஸ் கட்டி சுழன்று கீழே சீவலாக விழ வேண்டும். பல்சக்கரத்தில் இரண்டு பல்லைக் காணோம், கத்தி துருவில் கரைந்துவிட்டது, சக்கரம் அசையவே இல்லை.

"கரண்டு மெஷின்ல சீவுனா மணலு மாதிரி இருக்கு தனா. வாயில கரகரங்குது. எனக்குப் பஞ்சு மாதிரி விழணும்" என்றாள் கமாரியா.

"விழும். தீபாவளிக்கு வீட்டுக்குச் சாப்பிட வருவல்ல, அன்னிக்கு ஐஸ் கொண்டா. நீயே சுத்திப் பாத்துட்டுத் தூக்கிட்டுப் போ."

சொன்னபடி எல்லாம் நடந்துகொண்டிருந்தது. உடைந்த பற்களின் இடத்தில் பித்தளையை உருக்கி ஏற்றி, அரத்தால் ராவி ராவிப் புதுப்பல் எடுத்தாள். லோரி வில்லுப்பட்டையிலிருந்து கத்தி செய்தாள். துருவெல்லாம் போன பிறகு, பெயிண்ட் அடிப்பதற்காக ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பழைய பேப்பரில் பரப்பி வைத்திருந்தாள். தெரியாதவன் கண்ணுக்கு அது குப்பைபோலத்தான் இருந்திருக்கும். ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் கிள்ளானிலிருந்து மகன் குணசீலனும் மருமகள் தர்ஷினியும் வந்து இறங்கினார்கள். ஒரே மகன். நல்ல பிள்ளைதான், அம்மாமேல் உயிர். ஆனால் உயிரை வைத்திருக்கிறவர்களுக்கே உரிய ஒரு வியாதி உண்டல்லவா, எல்லாவற்றையும் தானே முடிவு செய்துவிடுவது, அது அவனுக்கு முற்றிவிட்டிருந்தது. தீபாவளி முடிந்ததும் அம்மா கிள்ளானுக்கு வந்துவிடுகிறாள் என்று முடிவு. அவளுக்கு அறை தயார். இந்த வீட்டை விற்க புரோக்கரிடமும் சொல்லியாகிவிட்டது. புரோக்கர் வந்து வீட்டைப் படம்கூட எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

"ரூமுக்கு ஏர்கோன் போட்டாச்சும்மா. நீங்க வந்து சும்மா ஒக்காந்தா போதும்."

"ஏர்கோனா? அதத்தானடா ஆயுசு முழுக்கப் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு அவள் கோழி வாங்க பசாருக்குக் கிளம்பினாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. திருநாள் வரும்போது எதற்கு வாய்ச்சண்டை என்று விட்டுவிட்டாள். அவள் வாழ்க்கையில் வாயை அடக்கியது அதுதான் முதல்முறை, அதற்கும் தண்டனை கிடைத்தது.

அவள் தலை மறைந்த கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி கட்டிய லோரி தெருவுக்குள் வந்தது. "பழைய பேப்பர், பழைய இரும்பு, பேட்டரி..." என்று மலாயில் அது பாடிக்கொண்டு போவதைக் கேட்டால் பண்டிகை நேரத்தில் எந்த வீட்டுக்காரனுக்கும் கை அரிக்கும். விருந்தாளிகள் வருமுன் வீட்டைக் கழுவித் துடைக்க வேண்டாமா? குணசீலன் கைதட்டி லோரியை நிறுத்தினான்.

தனபாக்கியம் திரும்பி வந்தபோது வீட்டு முகப்பு பளிச்சென்று இருந்தது. தரையில் டெட்டோல் வாசம். பழைய பேப்பர் இருந்த இடத்தில் செவ்வந்திப் பூந்தொட்டிகள் வரிசையாக நின்றன. கோழிப் பையை வைத்த கை வைத்தபடியே நின்றது.

"எங்கடா?"

"எதும்மா?"

"இங்க இருந்த சாமானுங்க எங்கடா?"

"அந்தப் பழைய இரும்பா? போட்டாச்சும்மா. லோரி வந்துச்சு. மேசையில உள்ள ஒங்க ஆயுதத்தயெல்லாம் தொடல. அந்தக் காசுல ஒரு பெட்டி ஆரஞ்சு தண்ணிகூட வாங்கிட்டேன்" என்றான் பெருமையாக.

அவள் அவனை அடித்திருந்தால்கூட அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மோட்டோவை உதைத்தாள். மகன் பதறிப்போய்க் காடியில் பின்னால் போனான்.

மெங்லெம்புவில் இருக்கும் பழைய இரும்புக் கொட்டகை அவளுக்குப் புதிதில்லை. தனக்கு வேண்டிய துண்டு துக்கடாவெல்லாம் அங்கேதான் பொறுக்குவாள். கொட்டகை முதலாளி, தவுக்கே ஆ லோய், அவளைக் கண்டதும், "வா அக்கா, தீபாவளி நேரத்துல இங்க என்ன?" என்றார்.

"என் மெஷின ஒன் லோரி தூக்கிட்டு வந்துட்டுச்சு. எங்க கொட்டுனாங்க?"

அவர் முகம் மாறியது. கொட்டகையின் பின்பக்கத்திலிருந்து டங் டங்கென்று சத்தம் வந்துகொண்டிருந்தது. வார்ப்பிரும்பு வந்தால் அங்கே வைத்திருக்க மாட்டார்கள், அடுக்க வசதியாக உடனே சம்மட்டியால் உடைத்துவிடுவார்கள். அவள் ஓடினாள். ஐம்பத்தொன்பது வயதுக்காரி அந்தக் குவியல்களுக்கு நடுவில் ஓடியதை ஆ லோய் பிறகு பல பேரிடம் சொல்லியிருக்கிறார். அவள் போய்ச் சேர்ந்தபோது சக்கரம் மூன்று துண்டாகிக் கிடந்தது. சம்மட்டிக்காரர் அடுத்து இயந்திரத்தின் உடலை உடைக்கக் கையை ஓங்கியிருந்தார்.

"நிறுத்துடா!" என்று அவள் போட்ட சத்தம் தமிழில்தான் வந்தது. ஆனாலும் அவருக்குப் புரிந்தது.

"ஒங்க வீட்டுச் சாமான்னு தெரிஞ்சா தொட்டிருப்பமா அக்கா? வாசல்ல ஒரு பையன் நின்னு குடுத்தான்னு டிரைவர் சொன்னான்" என்றார் ஆ லோய்.

"அந்தப் பையன் இந்தா நிக்கிறான். என் வயித்துல பொறந்தது." பிறகு மகன் பக்கம் திரும்பினாள். "பாத்துட்டு நிக்காத. ஏறு. பித்தளப் பல்லு வச்ச சக்கரம் ஒண்ணு, கத்தி ஒண்ணு, ஐஸப் பிடிக்கிற முள்ளுத்தட்டு ஒண்ணு. அதெல்லாம் கெடைக்காம எறங்குன, அங்கயே இருந்துக்க."

ஊருக்கென்று போட்டு வந்த நல்ல சட்டையோடு குணசீலன் குவியலில் ஏறினான். எல்லாம் கிடைத்தது. காடியின் பின்பக்கத்தில் ஏற்றும்போது உடைந்த சக்கரத் துண்டுகளை அவனே ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தான்.

"தப்புதாம்மா. இதே மாதிரி ஒண்ணு ஒன்லைன்ல தேடி வாங்கித் தந்துடுறேன்."

"ஒன்ன யாரு கேட்டா?"

"இது இனிமே சுத்தாதும்மா. வார்ப்பிரும்பு ஒட்டாதுன்னு இந்தக் கொட்டகக்காரங்களே சொல்றாங்க. எதுக்கு இந்தப் பாடு? சரி, ஒண்ணு பண்ணுவோம். இது சுத்துச்சுன்னா நீங்க இங்கயே இருங்க, வீட்டப் பத்திப் பேசவே மாட்டேன். சுத்தலன்னா மூச்சு விடாம எங்கூட கெளம்பணும். சரியா?"

அவள் பதில் சொல்லவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டாள். அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

மறுநாள் காலையிலேயே அடுப்பு மூண்டது. எண்ணெய்ச் சட்டிக்கு அல்ல. இறைச்சியைக் குச்சியில் குத்திச் சுட்டுச் சாத்தே விற்பவரிடம் ஒரு மூட்டைக் கரியும் இரண்டு டின் சாம்பலும் வாங்கி வந்து, பாதியாக அறுத்த தகர டிரம்மில் கரியைக் கொட்டினாள். துண்டுகளின் ஓரத்தைச் சாய்வாகத் தேய்த்து, மூன்றையும் பளிங்குக்கல்லில் வைத்துப் பொருத்தி, இரும்புப் பட்டையால் கட்டினாள். வார்ப்பிரும்பு பொல்லாத சாதி. ஒட்டுப்போடும் இடத்தை மட்டும் சுட்டால் எதிர்ப்பக்கம் டிக்கென்று வெடித்துவிடும். முழுச் சக்கரத்தையும் ஒன்றாகச் சுட வேண்டும், ஒன்றாக ஆற வேண்டும், ஆறும்போது காற்றுகூடப் படக்கூடாது.

"விசிறு" என்றாள் மகனிடம். அவன் விசிறினான். தர்ஷினியும் முறுக்கு மாவை மூடி வைத்துவிட்டு வந்து மறுபக்கம் விசிறினாள். சக்கரம் மங்கலாகச் சிவந்ததும் தனபாக்கியம் டார்ச்சைப் பற்றவைத்தாள். வெங்காரத்தில் தோய்த்த பித்தளைக் கம்பி உருகி, பிளவுக்குள் நெய்போல ஓடி இறங்கியது. அவள் கை நடுங்கவில்லை. அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மகன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசி ஒட்டு முடிந்ததும் சாம்பலை மேலே கொட்டி மூடினாள். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் எவனும் இதுல கை வைக்கக்கூடாது."

ஆக, தீபாவளியன்று அந்த வீட்டு முகப்பின் நடுவில் பூந்தொட்டி இல்லை, கோலம் இல்லை, சாம்பல் டிரம்தான் இருந்தது. விருந்துக்கு வந்தவர்கள் அதைச் சுற்றிச் சுற்றித்தான் உள்ளே போனார்கள்.

"என்னடி, ஆட்டுக்கறி வேகுதா?" என்று மூக்கை நீட்டினாள் நாத்தனார்.

"இல்ல, ஒங்க மருமவன் ஒடச்ச சக்கரம் வேகுது."

வந்தவர்கள் எல்லோரிடமும் இதே பதில். குணசீலன் ஆரஞ்சுத் தண்ணீர்த் தட்டை ஏந்திக்கொண்டு அங்கேயும் இங்கேயும் ஒளிந்தான். கோபம் தணிந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை, அவளுக்கு உள்ளே கொதித்துக்கொண்டுதான் இருந்தது. அவன் இரும்பைப் போட்டதற்காக அல்ல. கேட்காமல் போட்டதற்காக.

கமாரியா சொன்னபடி ஒரு பெட்டி ஐஸோடு வந்தாள். நடந்ததைக் கேட்டு மார்பில் கைவைத்துக்கொண்டாள். தனபாக்கியம் சாம்பலைக் கிளறிச் சக்கரத்தை வெளியே எடுத்துச் சங்கிலியில் தொங்கவிட்டு, சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினாள். உள்ளே விரிசல் இருந்தால் ஓட்டைப் பானைபோல் செத்த சத்தம் வரும். கணீரென்று வந்தது. மறுபக்கம் தட்டினாள். அதுவும் கணீர். வீட்டுக்குள் இருந்தவர்களெல்லாம் இலையைவிட்டு எழுந்து வந்துவிட்டார்கள்.

பாகங்களை மாட்டி, ஐஸைச் செருகி, கமாரியாவே சுற்றினாள். முதல் சுற்று திணறியது. இரண்டாவதில் தட்டில் வெள்ளையாகப் பொலபொலவென்று விழுந்தது. கமாரியா விரலால் கொஞ்சம் சீவலை எடுத்து வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பஞ்சுதான். ஆனா தனா, சக்கரம் ஓரமா ஆடுதே?"

"ஆடட்டும். ஒனக்கும் எனக்கும் இடுப்பு ஆடல? நாம வேல செய்யலயா?"

கமாரியா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். துடைத்த கறுப்புச் சக்கரத்தில் ஒட்டுப்போட்ட இடங்கள் மஞ்சள் மஞ்சளாக மின்னின.

"மேல பெயிண்ட் அடிச்சா தெரியாதும்மா. நானே அடிச்சுத் தரேன்" என்றான் குணசீலன்.

"மெஷின் உடம்புக்கு அடி. ஒட்டு மேல ஒரு சொட்டு படக்கூடாது. நீ ஒடச்சது, நான் ஒட்டினது. செண்டோல் குடிக்க வர்றவன்லாம் பாக்கட்டும்."

கூட்டம் கலைந்து, இயந்திரத்தைப் பெயிண்டுக்கு விட்டுவிட்டுக் கமாரியாவின் லோரியும் போன பிறகு அவன் அம்மா பக்கத்தில் வந்து நின்றான். தோற்றவனின் முகமாக இல்லை, பெருந்தன்மையாக விட்டுக்கொடுக்கிறவனின் முகமாக இருந்தது.

"பேச்சு பேச்சுதாம்மா. சக்கரம் சுத்திடுச்சு. நீங்க இங்கயே இருங்க. புரோக்கர்கிட்ட வேணான்னு சொல்லிடுறேன்."

அவள் வைஸைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"இந்த வீட்டுல இருக்கச் சொல்ல நீ யாருடா? அது வெடிச்சுச் சுக்குநூறா போயிருந்தாலும் நான் வந்திருக்க மாட்டேன்."

"அப்போ முந்தாநாள் ஏம்மா சரின்னீங்க?"

"நான் எப்படா சரின்னேன்?" என்றாள் தனபாக்கியம். "நீ கேட்ட, நீயே பதிலும் சொல்லிக்கிட்ட. போ, அந்தப் பூந்தொட்டியெல்லாம் பின்பக்கம் கொண்டு வை. நாளைக்கு எனக்கு எடம் வேணும்."