பானட் மூடினால் மட்டும்

அன்றைக்கு ஏன் உங்கள் இரண்டு பேரையும் பிக்கப்பில் ஏற்றாமல் ஆட்டோவில் அனுப்பினேன் என்று நீங்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள். "வண்டி மக்கர்" என்று சொல்லி ஒவ்வொரு தடவையும் நழுவிவிட்டேன். மக்கர்தான். எப்படிப்பட்ட மக்கர் என்று வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் பேச்சை மாற்றிவிடுகிறேன். அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

நம் பந்தல் கடைக்கு அந்தப் பழைய பிக்கப்பை வாங்கியது மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விடத்தான். மூக்கு நீண்ட வண்டி. பானட்டைத் தூக்கினால் ஆறு சிலிண்டரும் ஒன்றன்பின் ஒன்றாக ரேஷன் கடை வரிசை மாதிரி நிற்கும். எல்லாவற்றையும் சரிபண்ணிவிட்டேன். காற்றையும் பெட்ரோலையும் கலக்கிற கார்பரேட்டரின் தலைமேல் உட்கார வேண்டிய ஏர் கிளீனர் மட்டும் துருப்பிடித்து ஓட்டையாகிக் கிடந்தது. இன்ஜின் இழுக்கிற காற்றில் தூசியை நிறுத்துகிற டப்பா அது. அது இல்லாமல் கீழ்க்கட்டளையிலிருந்து மேடவாக்கம் போய் வந்தாலே போதும், ரோட்டில் தோண்டிப் போட்ட மண்ணில் பாதி இன்ஜினுக்குள் இருக்கும். கடை கடையாகக் கேட்டேன். "இதுக்குக் கிளீனரா? இந்த வண்டியையே இப்பதான்ணா நேர்ல பாக்குறேன்" என்று ஒருவன் செல்ஃபி எடுத்துக்கொண்டான்.

பல்லாவரத்தில் நம் பந்தல் கம்பிகளுக்கு வெல்டிங் வைக்கிறவர்தான் வழி சொன்னார்.

"கீழ ஒரு தட்டு, மேல ஒரு தட்டு, நடுவுல வட்டமா ஒரு ஃபில்டரு. இதான்ணா கிளீனரு. வூட்ல எவர்சில்வர் தட்டு கீதா?"

இருந்தது. இரண்டை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது உங்கள் அம்மா பார்த்துவிட்டாள்.

"ஏங்க, அது எங்கப்பா பேரு வெட்டின தட்டு."

"உங்கப்பா பேரு ஊரெல்லாம் சுத்தட்டுமே."

"நல்லா சுத்தட்டும். நாளைக்கு சாப்பிட உக்காந்தா கையிலதான் சோறு."

கீழ்த் தட்டில் கார்பரேட்டர் வாய் அளவுக்கு ஓட்டை வெட்டி, ரப்பர் வளையம் வைத்தோம். அதன்மேல் ஒரு சரக்கு வேனின் ஃபில்டர். அதன்மேல் மேல் தட்டு. நம் வாசலில் நின்ற வண்டியில் வைத்து, நடுவில் ஒரு கம்பி விட்டு, கையாலேயே திருகுகிற காது வைத்த நட்டைப் போட்டு இறுக்கினோம். பானட் திறந்திருக்க, கூட வந்த வெல்டிங்காரர் கார்பரேட்டரின் ஓரத்தில், ஆக்சிலேட்டர் மிதியோடு இணைந்த சின்ன லிவரைத் தள்ளித் தள்ளி விட்டார். தள்ளினால் இன்ஜின் சத்தம் ஏறியது. விட்டால் உடனே இறங்கியது. "சொக்கத் தங்கம்ணா" என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

அவர் போனதும், புதுச் சாமானாயிற்றே என்று மேல் தட்டின் நாலு ஓரத்திலும் அம்மா சந்தனம் தொட்டு, அதன்மேல் குங்குமம் வைத்தாள். பானட்டை மூடினேன். கொஞ்சம் இறுக்கமாகத்தான் மூடியது. ஓரத்தில் புது ரப்பர் ஒட்டியிருந்தோமே, அதனால் என்று நினைத்து உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்தினேன். பள்ளிக்கூடம் விடுகிற நேரம். முதல் ஓட்டத்திலேயே உங்களைப் போய் ஏற்றிக்கொண்டு வரலாம் என்று இருவரும் கிளம்பினோம்.

மேடவாக்கம் தாண்டி சேலையூர் வரைக்கும் நெரிசல். ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டுத் தொட்டுத்தான் வந்தேன். கேம்ப் ரோட்டிலிருந்து உங்கள் பள்ளித் தெருவில் திரும்பியதும் ரோடு காலியாக இருந்தது. தெருவின் கடைசியில், பள்ளி கேட்டுக்கு வெளியே நீங்கள் நின்றது தெரிந்தது. பாப்பா, உன் தோளில் தம்பியின் பையும் சேர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று ஆக்சிலேட்டரை அடிவரைக்கும் மிதித்தேன்.

வண்டி பாய்ந்தது. காலை எடுத்தேன். சத்தம் இறங்கவில்லை.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. காலை எடுத்தால் நிற்கும் என்பதுதானே வண்டி ஓட்டுகிறவனின் மொத்த நம்பிக்கையும். அது இல்லை. பிரேக்கை மிதித்தேன். வண்டி முனகிக்கொண்டே முன்னால் போனது. கிளட்ச் என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. சாவி என்று ஒன்று இருப்பதும். இரண்டு கையும் ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொண்டன. உங்கள் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. உன் சிவப்பு ரிப்பன் தெரிந்தது, தம்பியின் சட்டையில் மை தெரிந்தது, நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மாதான் குறுக்கே கையை நீட்டிச் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் செத்தது. வேகத்தடையில் முன் சக்கரம் ஏறி இறங்கி, இளநீர் வண்டிக்கு ஒரு சாண் முன்னால் நின்றோம். உங்களுக்கும் எங்களுக்கும் நடுவில் அந்த இளநீர் வண்டி மட்டும்தான் இருந்தது.

நீங்கள் கைதட்டினீர்கள். "அப்பா, இன்னொரு வாட்டி!" என்று தம்பி குதித்தான்.

"இன்னா நைனா, பள்ளிக்கூட வாசல்ல ரேஸா வுட்றே?" என்று இளநீர்க்காரர் அரிவாளோடு வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவரே ஓர் இளநீரைச் சீவி நீட்டினார். வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன், பாதி சட்டையில் கொட்டியது.

தினமும் உங்களைக் கூட்டிவரும் ஆட்டோ அண்ணன் அங்கேதான் நின்றிருந்தார். பானட்டைத் தூக்கினோம். அவரே லிவரைத் தள்ளிப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு போய்த் திரும்பி வந்தது. ஸ்டார்ட் பண்ணினோம். சத்தம் ஏறியது, இறங்கியது.

"நல்லாத்தானே கீது சார்? பிரேக்குனு நெனச்சு ஆக்சிலேட்டரையே மிதிச்சிகினு இருந்திருப்பீங்க. புது வண்டி, பதட்டம்."

உங்களை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். நீ திரும்பித் திரும்பிப் பார்த்து முறைத்தாய், பாப்பா. அது தெரிந்தது. ஆனால் என் மனசில் அப்போது ஓடியது ஒன்றுதான். அவர் சொன்னது நிஜமாக இருந்தால்? என் காலேதான் உங்களை நோக்கி வண்டியைத் தள்ளியது என்றால்? கால் எடுத்தது நினைவிருந்தது. அந்த நினைவையே நம்ப முடியவில்லை. வண்டி ஓடின பயத்தைவிட அது பெரிய பயமாக இருந்தது.

"இனிமே நான் எந்த வண்டியும் ஓட்டல" என்றேன் அம்மாவிடம்.

அவள் தூக்கி நிறுத்திய பானட்டையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, நான் தட்டுக்குத்தானே பொட்டு வெச்சேன். பானட்டுக்கு யாரு வெச்சது?"

பானட்டின் உள்பக்கம், குறுக்கே ஓடுகிற இரும்புப் பட்டையில், சந்தனமும் குங்குமமும் அச்சு எடுத்த மாதிரி ஒட்டியிருந்தன. தட்டில் முன் ஓரத்துப் பொட்டு நசுங்கிக் கிடந்தது. மற்ற மூன்றும் வைத்தது வைத்தபடி.

பானட் அழுத்துகிற மாதிரி மேல் தட்டின் முன் ஓரத்தை என் உள்ளங்கையால் ஊன்றி அழுத்தினேன். ஃபில்டர் சாய்ந்தது. கீழ்த் தட்டின் விளிம்பு தாழ்ந்து போனது. "இப்ப லிவரத் தள்ளு" என்றேன். அம்மா முழுக்கத் தள்ளினாள். தட்டின் அடியில் போய்ச் சிக்கிக்கொண்டது. கையை எடுத்தாள், அது வரவில்லை. நான் அழுத்துவதை விட்டேன். டக்கென்று திரும்பியது.

பானட் மூடினால் மட்டும் வருகிற கோளாறு. பார்க்கத் திறந்தால் போய்விடும். ஃபில்டர் ஒரு விரல் உயரம் அதிகம், அவ்வளவுதான். ஒரு விரல். நான் நடுத்தெருவில் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். தப்பு என் காலில் இல்லை என்று தெரிந்த பிறகும் ஸ்டியரிங் பக்கம் போகவில்லை.

வெல்டிங்காரரே வந்து வண்டியைக் கட்டி இழுத்துப் போனார். பிறகு, "மூடிப் பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்லண்ணா. என் பொண்ணும் அந்த ஸ்கூல்லதான் படிக்கிது" என்றார். ஃபில்டரைக் குட்டையாக மாற்றினார், லிவர் பக்கம் தட்டை வெட்டி எடுத்தார். தட்டுக்கு மேல் பிசைந்த மாவை உருட்டி வைத்து பானட்டை மூடித் திறந்தோம். மாவு நசுங்கவில்லை. மறுபடியும் வைத்தோம். மறுபடியும்.

இப்போது நீங்கள் அந்த வண்டியில் ஏறுகிறீர்கள். ஏறுவதற்கு முன்னால் உங்களை வாசற்படியிலேயே நிற்க வைப்பதும் இதனால்தான். பானட்டை மூடிவிட்டு, நியூட்ரலில் போட்டு, ஆக்சிலேட்டரை அடிவரைக்கும் மிதித்து, காலை எடுப்பேன். சத்தம் இறங்குகிறதா என்று நீங்கள் கேட்டுச் சொல்ல வேண்டும். "எறங்கிடுச்சுப்பா!" என்று இரண்டு பேரும் கத்துகிறீர்கள். உங்களுக்கு அது விளையாட்டு, கத்திக்கொண்டே ஓடி வந்து ஏறிவிடுகிறீர்கள். எனக்கு, சத்தம் ஏறி நின்று இறங்குவதற்கு நடுவில் ஒரு நொடி இருக்கிறது. அந்த ஒரு நொடியில் என் கை சாவியின் மேலேதான் இருக்கும்.