கேட்கக் கூடாத கேள்வி

எங்கள் வீட்டுச் சுவரில், மாதா படத்துக்குக் கீழே, ஒரு பச்சை ஒயர் பை தொங்குகிறது. உள்ளே வலை ஊசி, தண்ணீர் பாட்டில், சிக்கிய வலையை அறுக்க ஒரு சிறிய கத்தி. சித்தப்பா அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினால் வீட்டில் ஒருவரும் வாய் திறக்க மாட்டோம். கடலுக்குப் போகிறவரிடம் எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. தவறிப்போய் யாராவது கேட்டுவிட்டாலும் அவர் பதில் சொல்ல மாட்டார். தன் வாயால் சொல்லிவிட்டால் அன்றைக்குக் கடல் கிடையாது, திரும்பிவிட வேண்டியதுதான். சாந்தோம் குப்பத்தில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

புதிதாக மாற்றலாகி வந்திருந்த அந்த எஸ்.ஐ.க்குத் தெரியவில்லை. பொழுது விடிந்துகொண்டிருந்தது. காலைப் பூசைக்குப் போக, பள்ளிச் சீருடையில், பையோடு கடலுக்குக் கிளம்பிய சித்தப்பாவோடு நானும் நடந்துகொண்டிருந்தேன். ஜீப் வந்து நின்றது. “எங்கடா போறே?” சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். மறுபடியும் கேட்டார்; மறுபடியும் பதில் இல்லை. “கடலுக்குப் போறாரு சார்!” என்று நான் கத்தினேன். “ஏன், அவனுக்கு வாய் இல்லியா?” பையைத் தரையில் கொட்டினார்கள். கத்தி விழுந்தது. மீன்குப்பத்து ஆளிடம் கத்தி இருந்ததாம், என்ன அதிசயம்! பிடரியில் கைவைத்து ஜீப்பில் ஏற்றினார்கள்.

சாயங்காலம் அப்பா போய் அழைத்து வந்தார். வழக்கு ஒன்றும் இல்லையாம், வெறும் சந்தேகக் கேஸாம். இடது காது அன்றோடு போயிற்று. “கேட்டதுக்குச் சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?” என்று அம்மா ஒத்தடம் கொடுத்தபடியே அழுதாள். “சொல்ட்டேன் அண்ணி. சொல்ல வெச்சிட்டானுங்க” என்றார்.

அதற்குப் பிறகு தெருவில் யார் எதிர்ப்பட்டாலும், கேட்கும் முன்பே, “கடலுக்குப் போறேன் சார்” என்பார். பால்காரரிடம்கூட. சொல்லிவிட்டால்தான் கடல் கிடையாதே. திரும்பி வந்து பையை ஆணியில் மாட்டுவார். இப்படியே ஒவ்வொரு நாளும் போயிற்று. அவர் மறுபடி படகு ஏறவே இல்லை.

நான் வக்கீலானேன். நியாயமான சந்தேகம் என்று சட்டம் சொல்வது என்ன, பேசாமல் நிற்பது எப்படிக் குற்றமாகும் என்று தொண்டை வறள வாதாடுகிறேன். இன்று காலை அடையாறில் ஒரு காவலர் என் ஸ்கூட்டரை நிறுத்தினார். மரியாதையாகத்தான் கேட்டார்: “எங்க மேடம் போறீங்க?” எதற்காக நிறுத்தினீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். அவர் கேட்டு முடிப்பதற்குள் என் வாய் முந்திக்கொண்டது. “கோர்ட்டுக்குப் போறேன் சார்.” அது என் குரலாகவே இல்லை.

மாலையில் வீடு திரும்பினேன். சித்தப்பா அந்தப் பச்சைப் பைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். வாசலில் கறுப்புக் கோட்டைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு அவசரமாக எழுந்து நின்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

“எங்கியும் போவல சார்” என்றார்.