நான் தாண்டிப்போன வரி

“பூச்சியை வச்சே பூச்சியைக் கொல்லப் போறாளாம்! ஏலே, உம் மவ காலேசுல இதைத்தான் படிச்சிட்டு வந்தாளா?”

பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று அப்பாவிடம் கேட்டது இது. தொண்ணூற்றைந்தாம் வருடக் கோடையில், முக்கூடல் பக்கம் இருந்த எங்கள் கொய்யாத் தோட்டத்தில். ‘இருந்த’ என்றுதான் இப்போது சொல்ல வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்போது பாளையங்கோட்டையில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தேன். அந்த அறுபது மரங்கள்தான் என்னைப் படிக்கவைத்தன. அந்த வருடம் மரமெல்லாம் மாவுப்பூச்சி. இலைக்கு அடியிலும் காய்க் காம்பிலும் வெள்ளையாக அப்பிக்கிடந்தது. எவ்வளவு மருந்து அடித்தும் அடங்கவில்லை. வெட்டிவிட்டு வாழை வைக்கச் சொன்னார்கள். அப்பாவுக்கு மனசில்லை. இந்த ஒரு காய்ப்பை என்னிடம் விடுங்கள் என்று நான்தான் கேட்டு வாங்கினேன்.

பாளையங்கோட்டையில் ஒரு வேளாண்மை அலுவலகத்தில், மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டுகளை டப்பாவில் அடைத்துக் கொடுத்தார்கள். கூடவே ஒரு தாள், முழுக்க ஆங்கிலத்தில். “படிச்சுக்கிடுவியாம்மா, நான் சொல்லட்டுமா?” என்றார் அதிகாரி. தமிழில் படித்தவள் என்று குறைவாக நினைத்துவிட்டாரோ என்று எனக்குச் சுருக்கென்றது. “எனக்குத் தெரியும் சார்” என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் அப்பா, அம்மா, சித்தப்பா மூவரையும் தோட்டத்தில் நிறுத்தி அந்தத் தாளைத் தமிழில் சொன்னேன். எறும்பு ஏறாதபடி மரத்தைச் சுற்றி கிரீஸ் தடவ வேண்டும். வண்டு விட்ட பிறகு மருந்து அடிக்கக் கூடாது. நடுவில் ஒரு வரியில் இரண்டு வார்த்தைகளுக்கு அர்த்தம் தெரியவில்லை. மூன்று பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வரியைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விட்டேன். அப்பா முகத்தில் அப்படியொரு பெருமை.

வண்டுகளை மரங்களில் விட்டு மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் கிளையெல்லாம் வெள்ளைப் பஞ்சு போல ஊர்கிறது. முன்பைவிடப் பெரிது பெரிதாக. மாவுப்பூச்சிதான் கொழுத்துப் பெருகிவிட்டது என்று பதறிப்போனேன். வேலிக்கு அந்தப்பக்கச் சிரிப்பு வேறு.

“ஏட்டி, அந்தத் தாளை இன்னொருக்க பாரு. இதைப் பத்தி என்னமும் போட்டிருக்கா?” என்றார் அப்பா.

“எல்லாம் பாத்தாச்சுப்பா. இனி வண்டை நம்பிப் பிரயோசனமில்ல, மருந்தை அடிங்க.”

மறுநாள் மரத்தடியெல்லாம் வெள்ளையாகச் செத்துக் கிடந்தன. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால் இலைக்கடியில் மாவைப் போர்த்திக்கொண்டு ஒட்டிக்கிடந்தவை சாகவில்லை. பதினைந்து நாளில் காயெல்லாம் பிசுபிசுத்துக் கறுத்தது. “இதை மாடு திங்குமா அண்ணாச்சி?” என்று கேட்டுவிட்டு வியாபாரி கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சண்டை போடத்தான் அந்த அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி தாளை வாங்கி, நான் தாண்டிப்போன வரியில் விரலை வைத்தார். பொறிவண்டின் புழு பார்ப்பதற்கு மாவுப்பூச்சி போலவே வெள்ளையாக இருக்கும், கொன்றுவிடாதீர்கள் என்று போட்டிருந்தது. எங்களுக்காக மாவுப்பூச்சியைத் தின்று வளர்ந்தவற்றைத்தான் கொன்றிருக்கிறேன்.

வீட்டில் சொல்லவில்லை. அந்த வண்டு நம் ஊர் வெயிலுக்கு ஒத்துவராதாம் என்று சொன்னேன். அப்பா நம்பினார். ஆடி மாதம் மரங்களை வெட்டும்போது, “நீ என்ன செய்வ, வண்டு சரியில்ல” என்று என்னைத்தான் தேற்றினார். அந்த ஆறுதல் மூன்று வருடமாக என்னைத் தூங்கவிடவில்லை.

போன மாதம் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார். “அன்னைக்கே தெரியலைன்னு சொன்னா உனக்கு என்ன கொறஞ்சிருக்கும்?” என்றார். பிறகு அடுத்த பாத்தியைத் திறந்துவிடப் போய்விட்டார். அதற்குப் பிறகு வீட்டுக்கு எந்தக் கடிதம் வந்தாலும் ஒன்பதாவது படிக்கும் சித்தப்பா மகளைத்தான் வாசிக்கக் கூப்பிடுகிறார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், கோபப்பட எனக்கு உரிமையில்லை.