சேறு படாத வண்டி

கலஹா டவுனுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கிற லயங்கள் முடிகிற இடத்தில் நிரஞ்சனின் வீடு. பேராதனை ரோட்டில் ஒரு கராஜில் பெயிண்ட் அடிக்கிற வேலை. அவன் கை பட்ட வண்டியில் பழைய அடி எங்கே இருந்தது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்பார்கள். அந்தப் பேர் அவனுக்குப் பிடித்திருந்தது.

தேயிலை ஃபெக்டரிக்குப் பின்னால் ஒரு பழைய பிக்கப், நாலு சக்கரமும் இழுக்கிற வகை, படங்குத் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. தோட்டம் அதைப் பழைய இரும்பாக விற்றபோது நிரஞ்சன் வாங்கினான். தரைத்தகடு உக்கிப்போய், உட்கார்ந்தால் காலுக்குக் கீழே புல் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளும் லீவு நாட்களும் அதற்கே போயின. தகடு வெட்டி ஒட்டினான். இன்ஜினை இறக்கி ஏற்றினான். அக்குறணையில் பழைய பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் அஸ்ஃபர் அவனுக்குக் கூட்டாளி. உயரமான ஸ்ப்ரிங், அகல டயர், முன்னால் கம்பி சுற்றி இழுக்கிற வின்ச், தண்ணீருக்குள் இறங்கினாலும் இன்ஜின் மூச்சு வாங்குவதற்கு மேலே தூக்கிவிட்ட குழாய் எல்லாம் அஸ்ஃபர் தேடிக் கொடுத்தவை. கடைசியாகக் கரும்பச்சைப் பெயிண்ட். வருஷ முடிவில் தெல்தோட்டைப் பக்கத்து மலையில் நடக்கிற சேற்று வண்டியோட்டப் போட்டிக்கு இரண்டு பேரும் பேர் கொடுத்திருந்தார்கள். அதுவரை வண்டியை ரோட்டில்கூட அதிகம் இறக்கக்கூடாது என்று நிரஞ்சன் முடிவு செய்திருந்தான். மழை பெய்தால் படங்கு போட்டு மூடுவான். மனைவி ஜெயராணி ஒருநாள் அதன் பானட்டில் துணிக்கூடையை வைத்துவிட்டாள். அன்றைக்கு முழுக்க அவளோடு பேசவில்லை.

பிறகு அந்தப் பெருமழை வந்தது. மலை பல இடங்களில் இறங்கியது. கலஹா ரோட்டை மண் மூடியது, கரண்டும் போனது. மூன்றாம் நாள் காலையில் மழை கொஞ்சம் விட்டதும் நிரஞ்சன் படங்கை எடுத்து, வண்டியை ஸ்டார்ட் பண்ணி, முன்னுக்கும் பின்னுக்கும் கொஞ்சம் எடுத்துப் பார்த்து நிறுத்தினான். இன்ஜின் சுத்தமாகப் பேசியது.

சற்று நேரத்தில் கீழ் லயத்து வீரையா நனைந்துபோய் வந்து நின்றார். சமைக்கிற குசினியின் சுவர் சரிந்து அவர் மனைவி அழகம்மாவின் காலில் விழுந்திருந்தது.

"ஆம்புலன்ஸ் மண்சரிவுக்கு அந்தப் பக்கம் வந்து நிக்குதாம் தம்பி. இந்தப் பக்கம் வர வழியில்ல. பழைய ஃபெக்டரிப் பாதையால மேல ஏறி அந்தாண்ட இறங்கணும். ஒங்க வண்டி ஒண்ணுதான் அதுல போகும்."

நிரஞ்சனுக்கு அந்தப் பாதை தெரியும். ஒரு பக்கம் பள்ளம், மற்றப் பக்கம் ஊறி நிற்கிற மண். வண்டி சரிந்தால் அத்தனை நாள் வேலையும் பள்ளத்தில். போட்டிக்கு இன்னும் சில வாரம்தான். அவன் வாய் அவனைக் கேட்காமலே பேசியது.

"கிளட்ச் போயிருச்சுங்க மாமா. நேத்துதான். ஸ்டார்ட் ஆகும், நகராது."

வீரையா வண்டியைப் பார்த்தார். பிறகு அவனைத்தான் தேற்றினார்.

"பாவம், எவ்வளவு பாடுபட்டுச் செஞ்சீங்க. பரவால்ல தம்பி, நாங்க தூக்கிக்கிட்டுப் போயிர்றோம்."

அவர் இறங்கிப் போனதும் ஜெயராணி வாசலுக்கு வந்தாள்.

"காலையில முன்னுக்கும் பின்னுக்கும் எடுத்துப் பாத்தீங்களே."

"வண்டி கவுந்துட்டா என்ன செய்யிறது?"

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குடைகூட எடுக்காமல் வீரையா போன பக்கம் இறங்கினாள்.

நிரஞ்சன் தனியாக நின்றான். கீழே ஆட்கள் கதவுப் பலகையில் அழகம்மாவைக் கிடத்தித் தூக்கிக்கொண்டு, தேயிலைக்குள் ஊர்ந்து ஏறுவது தெரிந்தது. பலகையின் ஒரு மூலையை ஜெயராணி பிடித்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவர்கள் வளைவுக்குப் பின்னால் மறைந்தார்கள். அதற்குப் பிறகும் அவன் அங்கேயே நின்றான். அந்த வெறும் வளைவைத் திரும்பப் பார்க்க மனம் வராமல்போனபோதுதான் சாவியை எடுத்தான்.

வண்டி அந்தப் பாதையில் ஏறிய மாதிரி வேறெந்த வண்டியும் ஏறியிருக்காது. சேற்றில் சக்கரம் கடித்துப் பிடித்தது. சரிந்து கிடந்த மரத்தை வின்ச்சால் இழுத்து ஒதுக்கினான். ஒரு இடத்தில் தண்ணீர் பானட்டுக்கு மேல் அடித்தது. இத்தனை மாதம் மனதில் ஓட்டிப் பார்த்த ஓட்டம் இதுதான். அவன் ஒவ்வொரு வளைவிலும் ஆட்களைத் தேடிக்கொண்டே ஓட்டினான்.

உச்சி தாண்டி இறங்குகிற இடத்தில் அவர்களைப் பிடித்தான். பலகை தரையில் இருந்தது. எல்லோர் உடம்பிலும் சேறு. வழியில் ஒருவர் கால் வழுக்கி, அழகம்மா பலகையோடு கீழே விழுந்திருந்தார். கட்டியிருந்த துணியில் ரத்தம் ஊறியிருந்தது. அவர் கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

வீரையா ஓடிவந்தார். "சரியாயிருச்சா தம்பி? நல்ல நேரத்துல வந்தீங்க."

ஜெயராணி கையிலிருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டே வேறு பக்கம் திரும்பினாள்.

"ம்" என்றான் நிரஞ்சன்.

அழகம்மாவை வண்டியில் ஏற்றினார்கள். ஆம்புலன்ஸ் நின்ற இடம் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் வீரையாவிடம், சுவர் விழுந்தபோது எலும்பில் வெடிப்பு மட்டும்தான் இருந்திருக்கும், வழியில் விழுந்ததில்தான் முறிந்து வெளியே வந்திருக்கிறது என்றார். ஆம்புலன்ஸுக்குப் பின்னாலேயே வந்திருந்த நிரஞ்சன் பக்கத்தில் நின்று கேட்டான். முழங்கால் இனி மடங்காது என்றும் சொன்னார்.

மழை விட்டதும் ஊரே அவனைப் பற்றிப் பேசியது. கிளட்ச் போன வண்டியை மழைக்குள் சரிசெய்துகொண்டு வந்தான் என்று வீரையா பார்த்தவரிடமெல்லாம் சொன்னார். அஸ்ஃபர் சேறு அப்பிய வண்டியின் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டு அவனுக்கு ஃபோன் எடுத்தான்.

"மச்சான், ஒனக்குப் போட்டியே தேவல்ல. எங்கட கடைக்கு வாற எல்லாரும் ஒன்னப் பத்தித்தான் கேக்குறாங்க."

கோயில் கமிட்டி அவனுக்குப் பொன்னாடை போர்த்தப் போவதாக ஆள் அனுப்பியது. அன்று இரவு ஜெயராணி சோறு போட்டு வைத்துவிட்டு, "போவீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை அவன் கீழ் லயத்துக்குப் போனான். வீரையா விழுந்த சுவரின் கல்லை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, அன்னைக்கி கிளட்ச் போகல. வண்டி நல்லாத்தான் இருந்திச்சு. நான் பொய் சொன்னேன்."

வீரையா கையிலிருந்த கல்லைக் கீழே வைக்கவில்லை. அடிப்பார் என்று நிரஞ்சன் நினைத்தான். அடித்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தான்.

"அவகிட்ட சொல்லிராதீங்க" என்றார் வீரையா. "ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்காரிகிட்டெல்லாம் ஒங்களப் பத்தித்தான் பேசிக்கிட்டு இருக்கா. புள்ள மாதிரி வந்து காப்பாத்துச்சுன்னு. அவ அப்படியே நெனச்சிக்கிட்டு இருக்கட்டும்."

பிறகு கல்லை வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கக் குனிந்தார்.

நிரஞ்சன் பொன்னாடைக்குப் போகவில்லை, உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினான். அடக்கமான பிள்ளை என்று அதற்கும் ஒரு பேர் வந்தது.

அழகம்மா வீட்டுக்கு வந்த பிறகு, கிளினிக்குக்கு அவனே கூட்டிப்போனான். முதல் தடவை, நீட்டியபடியே நிற்கிற காலோடு அத்தனை உயரத்தில் அவரால் ஏற முடியவில்லை. இரண்டு பேர் தூக்கி ஏற்ற வேண்டியிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் உயரமான ஸ்ப்ரிங்கைக் கழற்றிவிட்டுப் பழையதைப் பூட்டினான். அகல டயரையும் மாற்றினான்.

"பைத்தியமா ஒனக்கு? போட்டிக்கு என்னா செய்யப் போற?" என்றான் அஸ்ஃபர்.

"ஆளுங்களுக்கு ஏறி இறங்கக் கஷ்டமா இருக்கு."

கிளினிக் நாளில் அழகம்மா முன் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, வழியெல்லாம் அவனை வாழ்த்திக்கொண்டே வருவார். அவன் ரோட்டைப் பார்த்தபடி ஓட்டுவான். வீரையா அந்த வண்டியில் ஏறுவதில்லை. இடம் இருக்கிறதே என்று அழகம்மா கூப்பிட்டாலும், "நீ போ, நான் வாறேன்" என்பார். முதல் பஸ்ஸில் போய், ஆஸ்பத்திரி கேட்டுக்குப் பக்கத்தில் நிற்பார். நிரஞ்சன் வண்டியை நிறுத்தியதும் மனைவிப் பக்கத்துக் கதவைத் திறந்து, கைகொடுத்து இறக்கிக் கூட்டிப்போவார்.