பாதி அமுக்கிய பெடல்

போன மாதம் என் பேரன் ஒரு கார் வாங்கினான். அதற்குக் கிளட்ச் கிடையாதாம், கியர் தானாக மாறிக்கொள்ளுமாம். வீட்டில் எல்லோரும் அதைச் சுற்றி நின்று அதிசயப்பட்டார்கள். நான் ஏறி உட்கார்ந்து, "கார்புரேட்டர்லேர்ந்து கியர்பாக்ஸுக்கு ஒரு கம்பி போவுமே, அது இதுல எங்கடா?" என்று கேட்டேன். அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே! பெருவிரல் ரேகை வைக்கிற ஆயாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று திகைத்துப் போனான். இப்போதைய வண்டியில் அந்தக் கம்பியும் இல்லை, கார்புரேட்டரும் இல்லை என்றான். இல்லாவிட்டால் போகட்டும். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஒரு வண்டியில் அது இருந்தது. அதன் அளவைக் கெடுத்தவளே நான்தான்.

அப்போது நாங்கள் முதலியார்பேட்டையில் இருந்தோம். அப்பாவுக்கு மில்லில் வேலை. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, வீட்டை ஒட்டிக் கீற்றுக்கொட்டகை போட்டு மெக்கானிக் வேலை பார்த்தார். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. என் குட்டித் தம்பியைத் தூங்க வைத்துவிட்டால் எனக்கு வேறு வேலை கிடையாது, கொட்டகையில் போய் உட்கார்ந்துகொள்வேன். பெட்ரோல் வாசனை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். மருமகள் மூக்கைச் சுளிப்பாள், அதை விடுங்கள்.

வீட்டில் எனக்கு எல்லாமே அத்தைதான். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே தங்கை. தலை வாரிவிடுவாள், பேன் பார்ப்பாள், தன் பாயிலேயே என்னையும் படுக்க வைத்துக்கொள்வாள். தூக்கத்தில் அவள்மேல் காலைப் போட்டாலும் ஒன்றும் சொல்ல மாட்டாள். அவளுக்கு வீராம்பட்டினத்தில் மாப்பிள்ளை அமைந்தது. அது ஒன்றும் தூர ஊர் இல்லை. ஆடி வெள்ளிக்கிழமைத் தேருக்கு நாங்கள் நடந்தே போய்வருவோம். ஆனால் கல்யாணம் ஆனால் அத்தை அங்கேயே இருந்துவிடுவாள் என்று அம்மா சொன்னாள். அந்த நிமிஷமே வீராம்பட்டினம் எனக்குச் சிங்கப்பூருக்கும் அந்தப் பக்கம் போய்விட்டது.

சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் எந்நேரமும் வாய்ச்சண்டை. "நீ போய்ட்டா மீன்கொழம்புல எனக்கு ஒரு துண்டு கூட வரும்" என்பார் அவர். "ஒன் ஆயில் சட்டைய ஒரு மாசம் நீயே தோச்சிப் பாரு, அப்பத் தெரியும் சேதி" என்பாள் அவள். தங்கை போகிறாளே என்ற வருத்தம் அவர் முகத்தில் மருந்துக்கும் இல்லை. அதனால் எனக்கு அவர்மேல் உள்ளுக்குள் கோபம்.

கல்யாணத்துக்கு வண்டி கிடைத்ததே ஒரு கூத்து. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். சாரம் என்கிற பக்கத்து ஊரில் ஒரு சொல்தா, சைகோனிலிருந்து கப்பலில் ஒரு பெரிய அமெரிக்கக் காரைக் கொண்டுவந்து வைத்திருந்தார். மாங்காய்ப் பச்சை நிறம். உள்ளே ஒரு குடும்பம் குடித்தனமே நடத்தலாம். கிளட்ச் இல்லாத வண்டி. கார்புரேட்டர் விரிசல் விட்டு இரண்டு வருஷமாக நின்றுகொண்டிருந்தது. பின் சீட்டில் கோழி அடைகாத்தது. சித்தப்பா அவரிடம் போய், பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி, "முசே, நான் ஓட வெச்சுத் தரேன், எந் தங்கச்சி கல்யாணத்துக்கு ஒரு நாள் குடுங்க" என்று கேட்டார். ஓடினால் இரண்டு நாள் வைத்துக்கொள் என்று சுருட்டை எடுக்காமலே சிரித்தாராம் சொல்தா.

அந்தக் காருக்கு உரிய கார்புரேட்டருக்கு எங்கே போவது? பழைய இரும்புக்கடை பாயிடமிருந்து வேறு ஏதோ வண்டியினுடையதை வாங்கிவந்து, தகடு வெட்டி அடியில் கொடுத்து, சித்தப்பா அதை மாட்டிவிட்டார். வண்டி கிளம்பியது. கோழிக்குத்தான் வேறு இடம் பார்க்க வேண்டியதாயிற்று. பாக்கி இருந்தது அந்தக் கம்பி மட்டும்தான்.

மேடு வந்தால் ஆக்சிலேட்டர் பெடலைத் தரையோடு அமுக்குவார்கள் இல்லையா, அப்போது இந்தக் கம்பி இழுபட்டு, சின்ன கியருக்கு இறங்கு என்று கியர்பாக்ஸுக்குச் சொல்லும். கிக்டவுன் கம்பி என்று பேர். கார்புரேட்டர் மாறினதால் கம்பிக்கும் புது அளவு வைக்க வேண்டும். ஒரு ஆள் பெடலை முழுக்க அமுக்கிப் பிடிக்க, இன்னொரு ஆள் பானட்டுக்குள் நட்டைத் திருகி நீளத்தைச் சரி செய்ய வேண்டும். கல்யாணத்துக்கு முதல் நாள் சித்தப்பா என்னைக் கூப்பிட்டார். கூப்பிட்டது சரி. கூடவே இதையும் சொன்னாரே, அதுதான் வினையாகப் போனது.

"நல்லா அமுத்திப் புடி. அளவு தப்பிச்சின்னா பெடல் பாதியிலயே முட்டிக்கும். வண்டி கத்துமே தவிர பாலம் ஏறாது."

எங்கள் ஊர் தட்டு மாதிரி சமமான ஊர். மேடு என்றால் முருங்கப்பாக்கம் தாண்டி ஆற்றுப்பாலம் ஏறுகிற இடம்தான். வீராம்பட்டினம் பாலத்துக்கு அந்தப் பக்கம். வண்டி பாலம் ஏறாவிட்டால் ராகுகாலம் வந்துவிடும். ராகுகாலம் வந்துவிட்டால் எல்லோரும் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். அத்தை என் பக்கத்தில் படுத்துக்கொள்வாள். ஒன்பது வயது மூளைக்கு இதில் ஒரு ஓட்டையும் தெரியவில்லை.

காரின் தரையில் குப்புறப் படுத்து இரண்டு கைகளையும் பெடல்மேல் வைத்தேன். முழுக்க அமுக்க எனக்குப் பலம் இருந்தது. பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

"முழுசா அமுத்திட்டியா?"

"அமுத்திட்டேன் சித்தப்பா."

"தரையத் தொடுதா?" என்று மறுபடி கேட்டார். தொடுகிறது என்றேன். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தார்.

"சரி. அப்படியே புடி" என்றார். ஸ்பேனர் திரும்புகிற சத்தம் கேட்டது.

எந்த வண்டியைப் பழுது பார்த்தாலும் பாலம் வரைக்கும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். இதை ஓட்டிப் பார்க்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு பந்தல்கால் நடப் போய்விட்டார். என் நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தாலி கட்டியாயிற்று, சாப்பாடும் ஆயிற்று. நான் மூன்று வடை தின்றேன், துக்கத்திலும் வடை இறங்கத்தான் செய்தது. நாலரைக்கு ராகுகாலம், அதற்குள் அத்தை மாமியார் வீட்டில் விளக்கேற்ற வேண்டும். மூன்றரைக்குக் கிளம்பினோம். பின் சீட்டில் அத்தையும் மாப்பிள்ளையும், முன்னால் சித்தப்பாவும் நானும். மற்றவர்கள் பஸ்ஸில் முன்னாடியே போய்விட்டார்கள்.

தெருமுனை தாண்டியதுமே வண்டி கத்த ஆரம்பித்தது. பாலத்தில் ஏறியபோது கத்தல் ஆறெல்லாம் கேட்டிருக்கும், ஆனால் நகர்ந்தது நடை வேகம்தான். நின்றுவிடு, நின்றுவிடு என்று நான் கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். மீன் விற்றுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் காலிக் கூடையோடு வண்டிக்குச் சரியாக நடந்து வந்து, பெண் யார் வீடு, என்ன சீர் என்று ஜன்னல் வழியாக அத்தையிடம் விசாரித்து முடித்தாள். போகிற போக்கில், "எறங்கி எங்கூட வாம்மா, சீக்கிரம் போயிடலாம்" என்றும் சொன்னாள். அழுதுகொண்டிருந்த அத்தை சிரித்துவிட்டாள்.

"வண்டி ரொம்பக் கத்துதே மச்சான்" என்றார் மாப்பிள்ளை.

"மேடு இல்லையா மாப்ள, அப்படித்தான்" என்றார் சித்தப்பா. பிறகு திரும்பாமலே, "அதோ பாரு, அந்தக் கரையிலதான நாம நண்டு புடிச்சோம்" என்றார்.

"ஒன் வெரல நண்டு புடிச்சிது. நாந்தான் எடுத்து உட்டேன்" என்றாள் அத்தை. அப்புறம், "ஞாபகம் இருக்காண்ணா?" என்றாள். அவர் கண்ணாடியில் பின் சீட்டையே பார்த்து ஓட்டினார்.

வண்டி நிற்கவில்லை. கத்திக் கத்தியே பாலத்தைத் தாண்டிவிட்டது. நாலே கால் மணிக்கு அத்தை வலதுகாலை எடுத்து வைத்து உள்ளே போனாள். அவள் முந்தானையைப் பிடித்திருந்த என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்கள்.

திரும்பும்போது வண்டியில் நானும் சித்தப்பாவும் மட்டும். பாலத்துக்கு முன்னால் ஓரமாக நிறுத்தி, பானட்டைத் தூக்கினார்.

"படுத்து அமுத்து. இந்தத் தடவ முழுசா."

தரையைத் தொடும்வரை அமுக்கினேன். நட்டு திரும்பி முடிவதற்குள் அழுகை வந்துவிட்டது. நேற்றைக்குப் பாதிதான் அமுக்கினேன் என்று படுத்தபடியே சொல்லிவிட்டேன்.

"தெரியும்" என்றார். "பெடல அமுத்துனா கார்புரேட்டர் வாய் முழுசாத் தொறக்கும், பாதிதான் தொறந்திருந்துச்சி. எனக்குக் கண்ணு இல்லையா?"

அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. கை துடைத்த துணியாலேயே முகத்தையும் துடைத்துக்கொண்டார், கன்னமெல்லாம் ஆயில். வண்டி சத்தமே இல்லாமல் ஒரே மூச்சில் பாலத்தில் ஏறி இறங்கியது.

அடி வாங்காத சந்தோஷத்தில் நான் நேராக அம்மாவிடம் ஓடி எல்லாவற்றையும் சொன்னேன், என் பங்கை மட்டும் விட்டுவிட்டு. கம்பி அளவு தப்பு என்று சித்தப்பாவுக்கு நேற்றே தெரியுமாம், தெரிந்தும் அப்படியே முடுக்கிவிட்டாராம். "அவருக்கு இன்னும் வேல சரியா வரலம்மா" என்றேன். அம்மா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கொட்டகைப் பக்கம் பார்த்தாள். "அவருக்கா வேல வராது? தங்கச்சி போற வண்டியாச்சே" என்றாள். நான் தெருவில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கொஞ்ச நாள் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன். சித்தப்பா ஒருவரிடமும் அதை மறுக்கவில்லை.