மூத்தாளுக்கு எடுத்த புடவை

கம்பெனி பஸ்ஸில் இசைவாணி எனக்குப் பக்கத்து சீட். படப்பையில் ஏறினால் ஒரகடம் வரை பேய்க்கதைப் புத்தகம்தான் படிப்பாள். எல்லப்பனுக்கு இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டவள். மூத்தவள் சந்திரம்மாள் சுமங்கலியாகப் போய்ச் சேர்ந்ததால் அந்த வீட்டுக்கு அவள் பூவாடைக்காரி, தெய்வம். ஆடி மாதம் அவளுக்குப் புதுப்புடவை வைத்துப் படைப்பார்கள். படைத்த பிறகுதான் இசைவாணி அதைக் கட்டலாம்.

கம்பெனியில் எங்கள் லைனில் வேலை பார்க்கும் தென்றல் என்று ஒரு பெண். தண்டலம் காலேஜில் மனசைப் பற்றிப் படித்தவள். ஒருநாள் அந்தப் புத்தகத்தைப் புரட்டிவிட்டுச் சொன்னாள்:

“இதுல எல்லாம் ஆசைப்படற பொம்பளயத்தான் பேயாக்கி வெச்சிருப்பாங்கக்கா. பூட்டின ரூம்ல கீறது பேய் இல்ல, படிக்கிறவளோட ஆசை. தன்னுதுன்னு சொல்ல பயந்துகினு இன்னொருத்தி மேல ஏத்திடறா.”

“எங்க வூட்டுப் பேய்க்கு வருசா வருசம் பொடவை கெடைக்குது. எனுக்கு இன்னா கெடைக்குது?” என்றாள் இசைவாணி.

“சாமிய அப்டி சொல்லாதடி, முருகா!” என்று நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

இந்த ஆடிக்கு எல்லப்பன் கடை கடையாக ஏறி எடுத்து வந்தது அரக்குப் புடவை. தனக்கு ஒருநாளும் இப்படித் தேடியதில்லையே என்று இவளுக்கு வயிறு எரிந்தது. படைப்பதற்கு முன்னாலேயே அதைக் கட்டி, சந்திரம்மாள் படத்துக்கு வாங்கிய மல்லிகையையும் வைத்துக்கொண்டு, அவர் ஷிஃப்ட் முடிந்து வரும்போது வாசலில் நின்றாள். ஒரு தடவை ஆசையாகப் பார்க்கட்டும் என்று.

பார்த்தார். சாப்பாட்டுப் பையைப் போட்டுவிட்டு நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழுந்தார். படைக்காத புடவையை மனுஷி கட்டுவாளா? மூத்தவளே இவள்மேல் இறங்கிவிட்டாள் என்று நினைத்துவிட்டார்.

“சந்திரா, தாயே! இன்னா கொற வெச்சேன், சொல்லு!”

“யோவ், நான்தான்யா” என்று வாய்வரை வந்ததாம். முழுங்கிக்கொண்டாள்.

“எனுக்கு ஒரு கொறயும் இல்ல. வூட்ல ஒருத்தி கீறாளே, அவ மூஞ்சியப் பாருய்யா. சொவத்தப் பாத்துகினு படுக்காத” என்றாள்.

அன்றிலிருந்து தினமும் பூ வருகிறது. முகம் பார்த்துப் பேச்சு.

“அப்புறம் இன்னாடி, கேட்டது கெடைச்சிது இல்ல?” என்றேன் பஸ்ஸில்.

“அவ சொன்னான்னு இல்ல குடுக்கறாரு! நேத்து என் கைய புடிச்சிகினு, ‘சந்திரா மனசு குளுந்திருக்கும்’ங்கறாரு.”

“நான்தான் பேசினேன்னு சொல்லிடேன்.”

“சொன்னா பாக்கறத நிறுத்திட்டா?” புத்தகத்தை மூடி மடியில் குத்தினாள். “வர்ற ஆடிக்கு நான் போய் எடுக்கறேன் பாரு பொடவை. கண்றாவி கலரா.”

“கட்டப்போறது நீதானேடி!”